மூன்று தொன்னைப் பொங்கலும் என் கல்லீரலும்

ஒல்லியாக இருப்பவனுக்கு ஒரு திமிர் உண்டு. நோயெல்லாம் தொந்தி வைத்தவர்களுக்கென்று கடவுள் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று நினைப்பான். நானும் நினைத்தேன். (இடுப்பு இருபத்தெட்டு. பெல்ட்டில் ஆணி அடித்து நானே இரண்டு ஓட்டை போட்டிருந்தேன்.)

என் மனைவி செல்வியின் அண்ணனுக்குக் கல்லீரலில் கொழுப்பு. ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஊசி, கத்தி இல்லாமல் ஒலி அலையை வைத்தே அளக்கும் கருவி புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு வந்திருந்தது. போன மார்கழியில் அண்ணனும் தங்கையும் இலுப்பூரிலிருந்து பஸ்ஸில் போனார்கள். நான் கோயிலுக்குப் போய்விட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தேன். துணைக்கு அல்ல, வேடிக்கை பார்க்க.

மச்சானுக்கு அளந்து முடித்ததும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “எங்களுக்கெல்லாம் இது தேவைப்படாதுங்க,” என்றேன்.

“ஒல்லியா இருக்கவங்களுக்கும் வருங்க,” என்றார் டாக்டரம்மா.

“அப்ப படுங்க மாப்ள, பாத்துருவோம்,” என்றார் மச்சான்.

படுத்தேன்.

“வெறும் வயிறுதானே? மூணு மணி நேரமா எதுவும் சாப்பிடலையே?”

“பச்சத்தண்ணி பல்லுல படலைங்க.”

விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்தார். விரலால் சுண்டுவது போலப் பத்து முறை தட்டியது. திரையைப் பார்த்தவர் முகம் மாறியது. அளவு மச்சானுக்கு வந்ததைவிட அதிகம்.

“குடிப்பீங்களா?”

எங்கள் குடும்பத்தில் குடிக்காத ஒரே ஆம்பளை என்பதுதான் இருபது வருடமாக எனக்கிருந்த மரியாதை. (வேறெதுவும் சம்பாதித்ததாக நினைவில்லை.)

செல்வி எழுந்து நின்றாள். “எத்தனை நாளா நடக்குது இது? உரம் வாங்கப் போறேன்னு அங்கிட்டும் இங்கிட்டும் சுத்துனதெல்லாம் இதுக்குத்தானா?”

“அதான் ஒடம்பே ஒட்டலையான்னு நானும் பாத்தேன்,” என்றார் மச்சான். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவர் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “டாக்டரம்மா, காலையில பிள்ளையார் கோயில்ல பொங்கல் வாங்கித் தின்ன கையி இது. சத்தியமா நான் தொட்டதில்லைங்க.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “பொங்கல் சாப்பிட்டீங்களா?”

“பிரசாதம்ங்க. சாப்பாடு இல்லையே.”

“எவ்வளவு?”

“மூணு தொன்னை. அவசரத்துல அவ்வளவுதான் முடிஞ்சது.”

சாப்பிட்டால் ஈரலுக்கு ரத்தம் கூடுதலாகப் போய் அளவு ஏறிவிடுமாம். பிரசாதம் கணக்கில் சேராது என்று அந்தக் கருவிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மறுவாரம் நிஜமான பட்டினியோடு போனேன். இறுக்கம் இல்லை. கொழுப்பு மட்டும் கொஞ்சம் இருந்தது. (இந்த இடுப்புக்குள் எங்கே ஒளிந்திருந்ததோ.)

செல்வி மன்னிப்புக் கேட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை கோயில் வரிசையில் எனக்கு முன்னால் போய் நின்று, ஊரே கேட்கும்படி பூசாரியிடம், “இவருக்குப் பொங்கல் குடுக்காதீங்க, துன்னூறு மட்டும் போதும். ஈரல் சரியில்லை,” என்றாள்.

ஏன் சரியில்லை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களாகவே முடிவுசெய்துகொண்டார்கள். இப்போதும் பூசாரி என் கையில் திருநீற்றைப் போட்டுவிட்டு, பரிவோடு குனிந்து, “குடியை விட்டாச்சாண்ணே?” என்று கேட்கிறார். ஆமாம் என்றால் முன்பு குடித்தேன் என்றாகிவிடும். இல்லை என்றால் இன்னும் குடிக்கிறேன் என்றாகிவிடும். பிள்ளையாரை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.