கறுப்புப் பெட்டியில் வந்த எழுத்து

உயிரே போனாலும் பின்னறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று போன செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். அப்போது மனைவி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவள் வீட்டில் இருக்கும்போது எனக்கு முடிவுகள் வருவதில்லை.

பின்னறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். அங்கே உட்கார்ந்துதான் நான் கிட்டார் பெடல் செய்கிறேன். காலால் மிதிக்கிற அலுமினியப் பெட்டி அது. கிட்டாரை அதில் மாட்டி ஒரு மிதி மிதித்தால், இனிமையாகப் பாடிக்கொண்டிருந்த கம்பி அடிபட்ட மிருகம் மாதிரி உறுமும். இதையும் ஆசையாகக் கேட்டு வாங்குகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள்.

என் பெட்டிகள் எல்லாம் கறுப்பு. மேல் எழுத்து வெள்ளையாக இருந்தால்தான் மேடை இருட்டில் எந்தத் திருகு சத்தத்துக்கு, எது உறுமலுக்கு என்று தெரியும். அங்கேதான் என் மானம் போனது. முதலில் பெட்டிக்கு வெள்ளை அடிப்பேன். காய்ந்ததும் ஸ்டிக்கர் எழுத்துகளை ஒட்டி, மேலே கறுப்பு அடித்து, ஸ்டிக்கரை உரிப்பேன். அடியில் இருக்கிற வெள்ளை, எழுத்தாகத் தெரிய வேண்டும். தெரியும், குடித்துவிட்டு வரிசையில் நிற்பவர்கள் மாதிரி.

"நான் எழுதித் தரட்டுமாங்க? இருபது வருஷமா கரும்பலகையில வெள்ளை எழுத்து எழுதுறவதானே நான்?"

"இது வேற கலைம்மா. உனக்குப் புரியாது."

ஒருநாள் மின்சாரம் போனபோது வெள்ளைப் பெட்டி மேல் மெழுகு சொட்டிவிட்டது. கவனிக்காமல் கறுப்பு அடித்தேன். துணியால் தேய்த்தால், மெழுகு இருந்த இடத்தில் மட்டும் கறுப்பு உதிர்ந்து வெள்ளை பளிச்சென்று வந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை அதைப் பற்றியே அவளிடம் பேசினேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பெடல் பேச்சை அவள் காதில் போட்டுக்கொண்டதே கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் குண்டு விழுந்தது.

"திங்கக்கிழமை வகுப்பு ஆரம்பிக்கிறேன். கடைத்தெருவுல வேலை பாக்குற அக்காங்க எட்டுப் பேர் எழுதப் படிக்கக் கத்துக்கணும்னு ஆசையா இருக்காங்க. பின்னறையை ஒழிச்சுக் குடுங்க."

"அடுத்த மாசம் பாக்கலாமே..."

"இதையேதான் மூணு வருஷமா சொல்றீங்க. எட்டுப் பேரையும் மாடிப்படியிலயா உக்கார வைக்கிறது?"

நியாயம் அவள் பக்கம் இருந்தது. நியாயம் எதிர்ப்பக்கம் இருக்கும்போது தந்திரம்தான் கைகொடுக்கும். அவள் போனதும் சமையலறை இழுப்பறையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தேன். வெள்ளைப் பெட்டி ஒன்றில் அதை வைத்து எழுதினேன். வெள்ளையில் வெள்ளை, கண்ணுக்கே தெரியவில்லை. மேலே கறுப்பு அடித்துக் காயவைத்தேன். மிச்சம் மூன்று வெள்ளைப் பெட்டிகள் பால்கனிக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தன.

புதன்கிழமை மாலை அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, நமக்கு முன்னால இங்க குடியிருந்தவர் கிட்டார் வாத்தியாராமே? இந்த அறையிலேயேதான் கிடப்பாராம். ஒருநாள் கதவைத் திறந்து பாத்தா, கிட்டார் இருக்கு, ஆள் இல்லையாம்."

"யார் சொன்னாங்க?"

"பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியைச் சாதாரணமாகத் துடைப்பதுபோலத் துடைத்தேன். கறுப்புக்குள்ளிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. 'உள்ளே வராதே'.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "என்னங்க இது?"

"எனக்கும் தெரியலையேம்மா."

"நீங்க எழுதலையே?"

"சத்தியமா இல்ல."

"ஐயையோ! எனக்கு இந்த அறையே வேண்டாம்." வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஆமா, இழுப்பறையில ரெண்டு மெழுகுவர்த்தி இருந்துச்சே, ஒண்ணைக் காணோம், பாத்தீங்களா?"

"எலி தின்னிருக்கும்."

பதினேழு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை பால்கனியிலிருந்து இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து ஸ்டிக்கர் ஒட்டி, கறுப்பு அடித்து, பூட்டினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் திறந்தேன். வெளியே மூட்டம். பெடலைச் சோதிக்க நான் போட்டுவைத்த ஒலிபெருக்கி எதையோ முணுமுணுப்பதுபோல இரைந்துகொண்டிருந்தது. முதல் பெட்டியில் ஸ்டிக்கரை உரித்துவிட்டுத் துடைத்தேன். ஸ்டிக்கர் ஒட்டாத இடத்தில் கறுப்பு உதிர்ந்தது. ஒரு வளைவு வந்தது. பிறகு ஒரு கால். யாரோ உள்ளேயிருந்து எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

'யாரைச் சொன்னாய்?'

நான் எழுதியது ஒரே பெட்டியில். இது அதற்குப் பதில்.

மனைவியாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன். இருக்காது. சாவி என்னிடம். அதுவும் தவிர, அவள் என்னை ஒருமையில் பேசியதே இல்லை. கோபம் தலைக்கேறினாலும் 'நீங்க ஒரு மடையருங்க' என்றுதான் சொல்வாள். எழுத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அச்சடித்த மாதிரி நேர்வரி, ஒன்றுகூடக் கோணவில்லை. மனிதக் கையால் பெட்டி மேல் அப்படி எழுதவே முடியாது. எனக்கு அனுபவம் இருக்கிறது.

ஒலிபெருக்கியை அணைத்தேன். இரைச்சல் நின்றதும் அறை இன்னும் மோசமாக இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று மனம் கதற, கை இரண்டாவது பெட்டியைத் துடைத்தது.

'சாவி உன்னிடம். நான் உள்ளே.'

செருப்பு அறையிலேயே கிடக்க, நான் மட்டும் கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். அவள் பள்ளியிலிருந்து வரும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, முகம் சுண்ணாம்பு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஏம்மா, பாவம் அந்த எட்டுப் பேர்... பின்னறையை நீயே எடுத்துக்கயேன்."

"ஐயோ, எனக்குப் பயம்! உள்ள வராதேன்னு எழுதியிருந்துச்சே?"

"ஒம்போது பேர் சேர்ந்து உக்காந்தா அது என்ன பண்ணும்? உனக்குக் கோடிப் புண்ணியம், எடுத்துக்கம்மா!"

"நீங்க இவ்வளவு கெஞ்சுறதால சரின்னு சொல்றேன்" என்றாள். "சாமானையெல்லாம் நீங்களே வெளிய எடுத்துருங்க. நான் உள்ள வரமாட்டேன்."

அவளை ஏமாற்றப் போய் அவளையே பேயிடம் தள்ளுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, முதுகைச் சுவரிலிருந்து எடுக்காமலே மேசை, கருவி, கம்பிச் சுருள் எல்லாவற்றையும் பால்கனிக்குக் கடத்தினேன். மிச்சமிருந்த கடைசி வெள்ளைப் பெட்டி அங்கேதான் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். அதற்கும் ஸ்டிக்கர் ஒட்டிக் கறுப்பு அடித்தேன்.

திங்கள்கிழமை மாலை எட்டுப் பேரும் வந்தார்கள். பின்னறையில் புதுக் கரும்பலகை. எட்டுக் குரல்கள் ஒன்றாக "அ... ஆ..." என்றன. ஒரு அம்மாள் தன் பெயரைத் தானே எழுதிவிட்டாளாம். கைதட்டல் பால்கனிவரை கேட்டது. பேய் மூச்சு விடவில்லை. படிப்பு என்றால் அதற்கும் பயம்போல.

எனக்குத் தெம்பு வந்தது. அது அந்த அறைப் பேய், பால்கனிக்கு வராது. கடைசிப் பெட்டியில் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, துணியை எடுத்து நிம்மதியாகத் துடைத்தேன். கறுப்பு உதிர்ந்தது. அதே நேர்வரி. அதே அச்சு எழுத்து.

'எடுத்த மெழுகுவர்த்தியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.'