காற்றுக்குக் காவல்

"எவன் காத்துல கைய வெச்சது?"

பழவேற்காடு பஜாரில் காலை எட்டு மணிக்கு அப்துல் ஹை போட்ட சத்தத்தில், எதிர்க்கடை கங்காதரன் வாயில் வைத்த பீடியைப் பற்றவைக்க மறந்துபோனார்.

இருவருமே வாடகை சைக்கிள் கடைக்காரர்கள். இரண்டு கடை வாசலிலும் 'காற்று அடிக்கப்படும்' என்று பலகை தொங்கியது. பதினோரு வருஷமாக அந்தப் பலகைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். பூநாரை பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், படகில் பசியாவரம் தீவுப் பக்கம் சில நாள் தங்கப் போகுமுன், தம் மலையேறும் சைக்கிளை முந்தின நாள்தான் அப்துல் ஹையிடம் ஒப்படைத்திருந்தார். முன்சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருக்கும் அதன் போர்க்கில் ஸ்பிரிங் கிடையாது. உள்ளே வெறும் காற்று. மேடு பள்ளத்துக்கு ஏற்ப அது அமுங்கி எழும்பும்.

"ஆள் உட்கார்ந்தா கொஞ்சம் இறங்கும். சும்மா நிக்கும்போது அப்படியே நிக்கும். நின்ன இடத்துல இறங்கினா, காத்து போயிடுச்சுன்னு அர்த்தம்" என்று கூட வந்த சென்னைக் கல்லூரி வாத்தியார் விளக்கினார்.

"வெச்சது வெச்ச மாதிரி இருக்கும் சார். இது அப்துல் ஹை வாக்கு."

படகு கிளம்பியதும் அப்துல் ஹை, போர்க் நிற்கும் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். எந்த வண்டி வந்தாலும் வால்வு ஊசியை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே எடுப்பது அவர் வழக்கம். இதையும் அப்படியே உள்ளே எடுத்து, கடையைப் பூட்டினார்.

காலையில் பார்த்தால் கோட்டைக் காணோம். ஒரு நூல் அளவுக்குப் போர்க் இறங்கியிருந்தது.

"காத்துதானே பாய்? நம்ம ஊருல காத்துக்கா பஞ்சம்? அடிச்சுட்டுப் போயேன்" என்றார் கங்காதரன்.

"உன் கிட்ட யோசன கேட்டனா?"

ஆனாலும் யோசனை நல்லதாகத்தான் பட்டது. மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பம்பை எடுத்து முழு மூச்சாக அடித்தார். போர்க் எழும்பியது. குழாயைப் பிடுங்கியபோது வால்வு ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். இப்போது அரை விரல் இறங்கி நின்றது.

"நீ கண்ணு வெச்சே! அதான்!"

"கண்ணால காத்தப் புடுங்க முடியுமா பாய்?"

"உன் கண்ணால முடியும்!"

வாடகைக்குச் சைக்கிள் எடுக்க வந்த மீனவர் செங்கல்வராயன் நடுவில் புகுந்தார். "சத்தம் போட்டு இன்னா ஆவப் போவுது? ஏரியில நாங்க பாடு வெக்கல? இன்னிக்கி இவன் வலை, நாளைக்கி அவன் வலை. ஒருத்தன் பாடு முடிஞ்சாத்தான் அடுத்தவன் எறங்குவான். அதே மாதிரி காவலுக்கும் பாடு போடு. ஆனா ஒண்ணு, கை மாத்தும்போது சரியா காட்டி ஒப்படைக்கணும். இல்லாங்காட்டி பழி யார் மேலன்னு தெரியாது."

அப்துல் ஹைக்கு அது பிடித்துப்போனது. காலை முதல் சாயங்காலம் வரை, இரண்டு மணிக்கு ஒரு பாடு என்று காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். செங்கல்வராயன், தையல்காரர் அமீர் ஜான், மீன் கூடை காலியானதும் வரும் நாகம்மாள், பிறகு அவரே. எப்படி ஒப்படைப்பது என்று ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே செய்து காட்டினார்.

மூன்றாம் நாள் காலையில் போர்க் ஒரு விரல் இறங்கியிருந்தது.

"காவல் இருக்கும்போதே திருடுறானா? என்னா நெஞ்சழுத்தம்!" அப்துல் ஹையின் மீசை துடித்தது. காகிதத்தைக் கிழித்து, மணிக்கு ஒரு பாடு என்று மாற்றி எழுதினார்.

சாயங்காலத்துக்குள் மூன்று விரல்.

நாலாம் நாள் அரை மணிக்கு ஒரு பாடு. கடையில் வாடகைக்கு வந்தவர்களை யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். அது அவர் வயிற்றெரிச்சலில் எண்ணெய் ஊற்றியது.

அன்று படகு கரைக்கு வந்தபோது, சைக்கிள் தண்ணீர் குடிக்கக் குனிந்த ஆடு மாதிரி முன்னங்காலை மடக்கிக்கொண்டு நின்றது. வாத்தியார் அப்துல் ஹையைப் பார்த்தார்.

"வெச்சது வெச்ச மாதிரி இருக்கும்னீங்களே?"

அப்துல் ஹைக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. விறுவிறுவென்று தெருவுக்கு நடுவில் போய் நின்றார்.

"யோவ் கங்காதரா! வெளியே வாய்யா!"

"நான் உன் கடைப் படிய மிதிக்கவே இல்ல பாய். அரை மணிக்கு ஒரு ஆள் குந்தினு இருக்குது, நான் எங்கேர்ந்து வர?"

"உனக்குப் படி எதுக்கு? நீ அங்கேர்ந்தே உறிஞ்சுவே! பஜார் மொத்தமும் கேட்டுக்கோங்க. இந்தக் காத்தை எவன் எடுத்தானோ, அவன் இன்னிக்கே 'காற்று அடிக்கப்படும்' பலகைய அவுத்துடணும். இனிமே ஜென்மத்துக்கும் மாட்டக் கூடாது. சம்மதமா?"

கங்காதரன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "சம்மதம். நீயும் வாக்கு குடு."

"குடுத்தேன்! அப்துல் ஹை வாக்கு!"

இதற்குள் வெள்ளைக்காரர் குனிந்து வால்வு மூடியைத் திறந்து பார்த்து, வாத்தியார் காதில் ஏதோ சொன்னார்.

"உள்ள தீப்பெட்டி அளவுதான் காத்து புடிக்குமாம். டியூப் மாதிரி நிறைய இருக்காதாம்" என்றார் வாத்தியார். "கடைசியா யார் காவல்?"

"நான்தான் சாமி." நாகம்மாள் காலிக் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் முகத்திலும் கோபம்.

"வாங்கும்போது காத்து இருந்துச்சா?"

"இல்லாம வாங்குவனா? என்னைய இன்னா ஏமாந்தவள்னு நெனச்சியா? நாலு பேரும் ஒரு பாடு உடல சாமி. ஒவ்வொரு தபா கை மாத்தும்போதும், பாய் செஞ்சு காட்டுன மாதிரியே அந்த ஊசிய நல்லா அமுக்கி, 'புஸ்ஸு'னு காத்து வெளிய வர்றத காதால கேட்டுட்டுத்தான் வாங்குனோம்!"