வடக்கு மாகாணத்தை நான் கைவிட்ட பகல்

ஒரே வார்த்தையால் ஒரு சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றி, அதே வார்த்தையால் சொந்த மகளின் முகூர்த்தப் பட்டை ஒழித்த ஆள் ஆரணியில் நான் ஒருவன்தான். (இன்னொருவர் இருந்தால் சொல்லியனுப்பட்டும். சேர்ந்து உட்கார்ந்து அழலாம்.)

நாற்பத்தொன்பது வயதில் எனக்குப் போன் விளையாட்டுப் பித்து பிடித்தது. செழித்த நாடுகள் எத்தனையோ இருக்க, நான் தேர்ந்தெடுத்தது தேறாத ஒரு சாம்ராஜ்யத்தை. காலிக் களஞ்சியம், பசியில் படை, மூன்று பக்கமும் பகை, வடக்கே ஓயாமல் கலகம் செய்யும் ஒரு மாகாணம். அந்த மாகாணத்தில் ஓர் ஏரி. திரையில் அரை விரல் நீலம், அவ்வளவுதான். அதற்காகவே அதை விடமாட்டேன் என்று நின்றேன். (இப்படிப்பட்டவன் கவிதை எழுதலாம், ஆளக்கூடாது.)

என் கூட்டணி அரசன் பள்ளித் தோழன் தயாளன். களம்பூர் அரிசி ஆலையில் மேஸ்திரி. ஆலை இரைச்சலுக்கு நடுவே என் இயர்போனில் ராஜதந்திரம் போதிப்பான்.

"டேய், ஆரம்பத்துல சண்டையே வாணாம். ரெண்டு பக்கம் சமாதானம் பேசு. மொதல்ல சோறு, அப்பால படை. வடக்க கயட்டி வுடு, தலைநகரமாவது பொழைக்கும்."

"ஏரி கீதேடா."

"அதுலயே வுழுந்து சாவு."

அந்தப் பகல் நான் உட்கார்ந்திருந்தது என் மைத்துனன் குமரேசன் வீட்டில், அவன் தறிக்குப் பக்கத்தில். என் மகள் மேகலாவின் முகூர்த்தப் பட்டைத் தாய்மாமன் சீராகத் தன் கையாலேயே நெய்து தருவதென்று அவள் பிறந்த அன்றே சொன்னவன். அவள் பெங்களூரில் வேலையாக இருந்ததால், அவன் எதையாவது கேட்டால் பதில் சொல்ல என்னை வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள். பாதிச் சேலை முடிந்திருந்தது.

தறி நின்றது எனக்குத் தெரியாது. காதில் போர் முரசு. குமரேசன் கேட்டதைப் பிற்பாடு என் மனைவி வசந்தா சொல்லித்தான் அறிந்தேன்.

"மாமா, ஒரு வெரக்கடை நெறம் மாறிகினு கீது. எட்ட நின்னா தெரியாது. அப்படியே வுடட்டுமா, அறுத்துட்டு வேற போடட்டுமா? பொண்ணப் பெத்தவரு, நீங்க சொல்லுங்க."

அதே நொடியில் தயாளன் கேட்டான்: "வடக்குப் பாதையில என் ஆளுங்கதான் நின்னுகினு கீறாங்க. பாதைய அறுத்துடட்டுமா?"

நீலத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். "அறுத்துடு. யோசிக்காத. மொத்தமா அறுத்துடு."

எங்கள் ஊரில் அது மங்கலச் சொல். சேலை நெய்து முடிந்தால் 'அறுத்தாச்சு' என்போம். பாதியில் வெட்டுவதற்கென்று தனிச் சொல் யாரும் வைக்கவில்லை, தேவைப்பட்டதில்லை.

இயர்போனைக் கழற்றினேன். குமரேசன் மடியில் பாதிப் பட்டு, அதன் குறுக்கே நிறம் மாறிய ஒரு கோடு, கையில் கத்திரி. "அறுத்துட்டன் மாமா" என்றான். முகம் வெளிறியிருந்தது. 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்லுக்காகக் கேட்டவன் அவன். விளையாட்டை மறைக்கப் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

"கோடு நல்லாவே தெரிஞ்சுது" என்றேன்.

தறியில் நீளவாட்டு நூலான பாவைப் புதிதாகப் பிணைக்க மூன்று நாள் போயிற்று. மிச்ச நாளெல்லாம் விடிந்ததும் உட்கார்ந்து இருட்டும்வரை நெய்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் முந்தானை பாக்கி. எழுந்து போய்க் கடையில் ஒரு சேலை வாங்கிவந்தான். ஆயுள் முழுக்க நெய்தவன்.

மணமேடையில் சீர்த்தட்டை வாங்கிய மேகலா சேலையைத் தடவிப் பார்த்தாள். "மாமா, இது நீ நெய்ஞ்சதில்லையே?"

"என் நெசவு உங்கப்பாவுக்குப் புடிக்கல, கண்ணு."

அப்போதுதான் உளறினேன், ஐயர், சம்பந்தி எல்லோர் முன்னாலும். "நான் வடக்கு மாகாணத்தச் சொன்னேன்டா."



"இன்னா மாகாணம்?" என்றான் குமரேசன்.

விளக்கினேன். ஏரி உட்பட. வசந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

அறுத்த துண்டு இப்போது பேத்திக்குப் பாவாடை. விசேஷங்களில் யாராவது விசாரித்தால் குமரேசனே சொல்லுவான்: "அவங்க தாத்தா ராஜாவா இருந்தப்ப வெட்டினது."

"எந்த ஊருக்கு ராஜா?"

"இருந்த ஊரத்தான் அறுத்துட்டாரே."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே, அவன் சிரிக்கிறானா என்று பார்ப்பேன்.