வெள்ளைக் காலணிகள் முப்பது ஜோடி

"பூட்ஸ் இல்லை" என்றார் ஸ்டோர்காரர், நான்காவது முறையாக.

கவுன்டருக்கு வெளியே நின்ற காவல் சிப்பாய் வலது காலைத் தூக்கிக் கவுன்டர் மேல் வைத்தான். பூட்ஸ் வாயைப் பிளந்திருந்தது. உள்ளே பெருவிரல் வீங்கி, நகத்தோரம் மஞ்சளாக இருந்தது.

"நல்லா பாருங்க மாமா. உங்க மச்சான் காலுதான்."

"கீழ எடுடா. லெட்ஜர் மேல வைக்காத."

"அக்கா கேட்டா என்ன சொல்லட்டும்?"

அக்கா ஏற்கெனவே கேட்டுவிட்டாள். காலையில் தட்டை வைத்த சத்தமே கேள்விதான். "ஊர்ப்பட்ட சிப்பாய்க்கெல்லாம் சாமான் கொடுக்கறீங்க. என் தம்பிக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுக்கத் துப்பில்லை."

அவருக்குப் பின்னாலிருந்த அலமாரியில் புத்தம்புதிய ஓட்டக் காலணிகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. முகாமின் ஓட்டப்பந்தய அணியில் பன்னிரண்டு பேர். ஆளுக்கு வருடம் நான்கு ஜோடி. அணியில் பெயர் இல்லாதவனுக்கு ஒரு கயிறுகூடத் தரக்கூடாது. பூட்ஸ் கேட்டு அவர் எழுதிய ஆறு கடிதங்களுக்கும் ஒரே பதில்: நிதி இல்லை. முகாம் மருத்துவமனையில் எட்டு மாதமாக டாக்டர் இல்லை. அதற்கும் அதே பதில்தான்.

நேராக மேஜரின் அறைக்குப் போனார்.

"கேட்ல நிக்கறவன் காலு அழுகுது சார். ஓடறவனுக்கு நாலு ஜோடி. நாம நடத்தறது ராணுவமா, விளையாட்டு கிளப்பா?"

மேஜர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பதக்கம் வாங்கினா பேப்பர்ல போட்டோ வரும். பூட்ஸ் வாங்கினா எவன்யா போட்டோ எடுப்பான்? விளையாட்டுன்னு எழுதினா உடனே வருது. வேற என்ன எழுதினாலும் வரலை. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

ஸ்டோருக்குத் திரும்பிய வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அணியின் பட்டியலை எடுத்தார். பழைய பன்னிரண்டு பெயரையும் அடித்துவிட்டு, காவல் பிரிவின் முப்பது பேரையும் ஓட்டப்பந்தய வீரர்களாக எழுதினார். மச்சான் பெயர் முதலில்.

மேஜர் பட்டியலைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் நாள் முப்பது ஜோடி வந்தது. எல்லாம் வெள்ளை.

"கேட்ல ஆள் நிறுத்தியிருக்கியா, கொக்கு நிறுத்தியிருக்கியா?" என்று சார்ஜென்ட் கத்தினார்.

ஸ்டோர்காரர் கறுப்பு பாலிஷ் கொடுத்தார். துணிக் காலணியில் அது ஒட்டவில்லை, தரையில் ஒட்டியது. மேஜர் அறை வாசல்வரை கறுப்புக் காலடிகள்.

அடுத்த வாரம் மேலிடத்து உத்தரவு வந்தது. போட்டி நெருங்குவதால் அணி வீரர்கள் யாரும் காவலுக்கு நிற்கக்கூடாது. பட்டியலின் முதல் பெயர் நீண்டதூர ஓட்டத்துக்கு.

கேட் காலியானது. வேறு வழியில்லாமல், பட்டியலில் இல்லாத பழைய ஓட்டக்காரர்கள் பன்னிரண்டு பேரையும் சார்ஜென்ட் அங்கே நிறுத்தினார். காவலுக்கு வெள்ளைக் காலணி ஆகாது என்று கிழிந்த பூட்ஸ்களை அவர்களுக்கு மாட்டிவிட்டார். இப்போது அவர்களும் நொண்டினார்கள்.

மச்சான் கால் கணுக்கால்வரை வீங்கியது. வீட்டில் ஸ்டோர்காரருக்குத் தட்டே வைக்கப்படவில்லை.

மறுபடி மேஜரிடம் ஓடினார். "சார், டாக்டர் வேணும்."

"முப்பது வீரன் இருக்கான், கோச் இல்லாம எப்படி? கோச் கேட்டு எழுதிட்டேன்."

"கோச்சா?"

"போய்யா."

மூன்றே நாளில் கோச் வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான பெண்மணி, கையில் கனத்த பை. கழுத்தில் விசில், ஊதவே இல்லை. முப்பது பேரையும் மைதானத்தில் வரிசையாக உட்காரவைத்து, காலணிகளைக் கழற்றச் சொன்னார். ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவன் மணிக்கட்டையும் பிடித்தார்.

"ஓட விடச் சொன்னா உக்கார வெச்சிருக்கு. இதுக்கு ஒரு சம்பளம்" என்று ஜன்னலருகே நின்று ஸ்டோர்காரர் பல்லைக் கடித்தார்.

சற்று நேரத்தில் இரண்டு சிப்பாய்கள் மச்சானைத் தூக்கிவந்து கவுன்டர் மேல் கிடத்தினார்கள். லெட்ஜர் அவன் தலைக்கடியில். உடம்பு கொதித்தது.

"மாமா, நான் எத்தனாவதா வந்தேன்?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

கோச் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். "இந்தக் கால் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

ஸ்டோர்காரருக்கு அடக்கிவைத்ததெல்லாம் பொங்கியது. "இவன் ஓட மாட்டான்! ஓட்டக்காரனே இல்லை! முப்பது பேரும் பொய். நான்தான் எழுதினேன். போய் ரிப்போர்ட் பண்ணுங்க, வேலையைப் புடுங்கட்டும். சாகக் கிடக்கறவனுக்கு டாக்டர் கிடையாது, ஓடாதவனுக்குக் கோச்! உங்க பதக்கத்தைக் கொண்டுபோய்..."

கோச் பையைத் திறந்தபடி நிமிராமலே சொன்னார்:

"கத்தினது போதும், வெந்நீர் கொண்டாங்க. டாக்டர்னு கேட்டா எட்டு மாசமா அனுப்பலைன்னு, உங்க முப்பது பேர் லிஸ்ட்டைக் காட்டி என்னைக் கோச்னு எழுதி வாங்கினதே உங்க மேஜர்தான்."