சோகம் நேரில் பார்வையிடப்பட்டது

காதலித்துத் தோற்றவன் கதைக்குத்தான் இப்போது மவுசு. ராஜபாளையத்தில் மில்லில் கணக்கு எழுதுகிற முத்துப்பாண்டியும் அப்படி ஒரு நாவல் எழுதினான். ஆசைப்பட்டுக் கட்டிய மனைவியாலேயே மனம் நொறுங்கிப்போன நாயகன், அய்யனார் கோயில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுவான். அழுது முடிப்பதற்குள் முந்நூறு பக்கம் ஓடிவிடும்.

துயர இலக்கிய வாரியம் அதைப் பரிசுக்குத் தேர்ந்தெடுத்தது. ஒரே நிபந்தனை: மேற்படி துயரம் ஆசிரியரின் சொந்தத் துயரம்தானா என்று நேரில் பார்வையிடப்படும். ஊரில் போலித் துயரம் பெருகிவிட்டதாம்.

சனிக்கிழமை காலை ஆய்வாளர் பொன்னுராஜ் வந்து இறங்கினார். எதிர்வீட்டுப் பருத்தி நூல் வியாபாரி என்ற முறையில் நான் சாட்சி.

வீட்டில் துயரத்தின் வாடையே இல்லை. முத்துப்பாண்டியின் மனைவி காளீஸ்வரி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பெண், சிரித்த முகமாய்ப் பால்கோவா கொண்டுவந்து வைத்தாள். ஆய்வாளர் முகம் சுருங்கியது.

"ஏம்மா, வீட்டுக்காரரைத் திட்டுவீங்களா?"

"எதுக்கு சார்?"

"கோவிச்சுக்கிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனதுண்டா?"

"ஆடிப்பூரத் தேருக்குப் போவேன். அவியளும் கூடத்தான் வருவாக."

ஆய்வாளர் பேனாவை மூடினார். "துயரம் கண்டறியப்படவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி."

முத்துப்பாண்டி முகம் செத்துப்போயிற்று. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன சார் பேசுறீங்க? முழுசா நொறுங்கினாத்தான் ஏமாற்றமா? காபி ஆறிப்போச்சுன்னு நேத்துக்கூடப் புலம்பினான். அரை ஏமாற்றம்னு போடுங்க."

"அரைக்கு விதியில் இடமில்லை."

"அப்ப முக்காலாப் போட்டுக்கோங்க. இதுக்கு மேல ஏத்த முடியாது."

"மனைவி ஒப்புக்கொண்டால் பரிசீலிக்கலாம்."

முத்துப்பாண்டி மனைவி பக்கம் திரும்பினான். "ஏட்டி, உன்னால என் வாழ்க்கை வீணாப்போச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு. பொறவு நாம சந்தோஷமா இருக்கலாம்."

காளீஸ்வரி ஆய்வாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், இந்தப் புத்தகத்துக்காக எம்புட்டு நாள் இந்த மனுஷன் மாடியிலேயே கெடந்தாரு தெரியுமா? சாப்பிடக் கூப்பிட்டா, 'போடி, சோகம் கலையுது'ம்பாரு. வீட்டை எதிர்த்து இவரைக் கட்டினேன். ஏமாந்தது நான். வேணும்னா அதை எழுதிக்கோங்க."

ஆய்வாளர் முகத்தில் அப்படியொரு பரவசம். நிஜத் துயரத்தை அவர் பணியில் சேர்ந்த பிறகு இப்போதுதான் பார்க்கிறார் போல.

"இவ்வில்லத்தில் ஏமாற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "ஆனால் ஏமாந்தவர் நாவல் எழுதவில்லை. எழுதியவர் ஏமாறவில்லை. எனவே பரிசு இல்லை."

காளீஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். முத்துப்பாண்டி வாசற்படியில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதான்.

ஆய்வாளர் அவன் தோளைத் தட்டினார். "இப்பத் தகுதி வந்துருச்சு தம்பி. அடுத்த வருஷம் போடுங்க. ஆனா புத்தகம் புதுசா இருக்கணும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அவரை வழியனுப்பத் தெருவுக்கு வந்தேன். எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, கையில் காபியோடு என் மனைவி வெள்ளத்தாய் நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் அம்புட்டுப் பேரும் வரிசையாக.

"உக்காருங்க சார்," என்றாள் வெள்ளத்தாய். "எங்களுக்குப் பரிசெல்லாம் வேண்டாம். சும்மா பாத்துட்டுப் போனாப் போதும்."