காவியா வீட்டுப் பங்கு

இந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளை மட்டும் போதவில்லை. பிள்ளையைப் பெற்றவன் வேண்டும், பெற்றவனைப் பெற்றவனும் வேண்டும். விட்டால் வீட்டையே பெயர்த்து எடுத்துவந்து வகுப்பில் உட்கார வை என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒழுங்காக ஒதுங்காத தீர்த்தகிரிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“ஃபீஸ் கட்டியாச்சு. அப்புறம் எதுக்கு நம்ம வீட்டு ஆளு?” என்றார் மருமகளிடம்.

சரிதா ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் தலை வாரிக்கொண்டே பேசினாள். “காசு கேக்கல மாமா. இது மாண்டிசோரி ஸ்கூலு. ஒவ்வொரு குடும்பமும் தங்களால ஆனதைச் செய்யும். சனிக்கிழமை குடும்ப விழா. பிள்ளைங்க தோட்டத்துல அவரை விதை நடப் போறாங்க. அதுக்கு ஒரு பந்தல் வேணும்.”

“வேணும்னா கடையில வாங்கிக்கச் சொல்லு.”

“எனக்கும் அவருக்கும் லீவு கிடைக்காது. காவியா மிஸ்ஸுகிட்ட உங்களைப் பத்திப் பேசிட்டு வந்திருக்கா. பந்தலுக்கு எங்க தாத்தாதான் வருவாருன்னு.”

வாசலில் உட்கார்ந்து தன் ஷூவைத் தானே மாட்டிக்கொண்டிருந்த காவியா நிமிர்ந்து பார்த்தாள். “வருவீங்கதானே தாத்தா?”

‘உங்களால ஆனதைக் குடுங்க’ என்று சிரித்துக்கொண்டே கேட்கிறவனைத் தீர்த்தகிரி நம்புவதில்லை. சூளகிரிப் பக்கம் அவர் நிலத்துக்கு அடுத்து கம்பெனி கட்ட வந்தவனும் அப்படித்தான் சிரித்தான். லாரி திரும்ப ஒரு மூலை மட்டும் போதும் என்றான். இன்றைக்கு அந்த மூலையில் ஒரு செக்யூரிட்டி உட்கார்ந்துகொண்டு, ‘யாருய்யா நீ?’ என்று அவரையே கேட்கிறான்.

ஆனால் பேத்தி வாக்குக் கொடுத்துவிட்டாள். நாளைக்கு வகுப்பில் அவள் தலை குனிந்து நிற்கக் கூடாது.

ஒரே ஒரு சங்கடம்தான். அவர் நிலத்தில் வருஷா வருஷம் அவரைப் பந்தல் நின்றது உண்மை. அதைப் போட்டவள் அவர் மனைவி சென்னம்மாள். அவர் வரப்பில் நின்று “இழு, இன்னும் இழு” என்று சொன்னவர். இழுத்ததெல்லாம் வேறு கை.

திங்கட்கிழமை சவுக்குக் கம்புகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, மத்திகிரி மாட்டுப் பண்ணையைத் தாண்டி இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் போய் இறங்கினார். கேட்டைத் திறந்துவிட்ட ஆயா மாதேஸ்வரி தண்ணீர் கொடுத்தாள். காவியாவின் ஆசிரியை டெல்சி கும்பிட்டு வரவேற்று, தோட்டத்தில் இடம் காட்டினாள். அப்புறம் ஒரு காரியம் செய்தாள். அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டு, “இது தாத்தா வேலை செய்யற இடம். கோட்டுக்குள்ள யாரும் போகக் கூடாது” என்று பிள்ளைகளிடம் சொன்னாள்.

‘அம்மை போட்ட வீடு மாதிரி இல்ல ஒதுக்கி வைக்கறா’ என்று நினைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னப் பாயை எடுத்துவந்து கோட்டுக்கு வெளியே விரித்து, சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். டெல்சி ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

தீர்த்தகிரி சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி முதல் கம்பை நட்டார். இரண்டாவதை நடும்போது முதலாவது விழுந்தது. முதலாவதைத் தூக்கும்போது இரண்டாவது விழுந்தது. மூன்றாவது அவர் முதுகில் விழுந்தது.

“இத்தனை பேரு இருக்கறீங்க. கம்புன்னா ஒரு ஆளு பிடிக்கணும்னு ஊருல எல்லாருக்கும் தெரியும்” என்றார், ஆகாயத்தைப் பார்த்து.

“நேரம் இருக்குதுங்க ஐயா. மெதுவா செய்யுங்க” என்றாள் டெல்சி. எழுந்திருக்கவில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் தெலுங்குக்குத் தாவிவிடுவார். பிள்ளைகள் காதில் விழக்கூடாத சொற்களையெல்லாம் அந்த மொழியில்தான் வைத்திருந்தார். ஆனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டு மொழி தெலுங்கு. அன்று சாயங்காலம் மத்திகிரியில் பல வீடுகளில், ‘இதை எங்கடா கத்துக்கிட்ட?’ என்ற விசாரணை நடந்தது.

சாயங்காலம் ஊரில் இருந்த மனைவிக்குப் போன் போட்டார்.

“பந்தக்காலுக்குக் குழி எத்தனை ஆழம் எடுப்பாங்க?”

“எதுக்குங்க?” என்றாள் சென்னம்மாள்.

“சும்மாதான். இங்க ஒருத்தன் தெரியாம முழிக்கறான்.”

“அவன் வரப்புல நின்னு கத்தற ஆளா?”

போனை வைத்துவிட்டார்.

குழி ஆழம் போதவில்லை என்பது மட்டும் அவருக்கே பிடிபட்டது. செவ்வாய்க்கிழமை கடப்பாரையோடு வந்தார். ஓங்கி ஒரு குத்து. மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது. அது, ஜெபராஜ் போட்டுக் கொடுத்த கைகழுவும் தொட்டிக்குப் போகிற குழாய். தோள் துண்டைத் திணித்துப் பார்த்தார், தண்ணீர் நிற்கவில்லை.

ஜெபராஜ் இன்னொரு பிள்ளையின் தாத்தா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பிள்ளைகள் உயரத்துக்குச் சின்னச் சின்னக் குழாய் வைத்து அவர் செய்த தொட்டியைப் பள்ளிக்கூடமே கொண்டாடிக்கொண்டிருந்தது. குழாயை அடைக்க அவரையே கூப்பிட்டார்கள்.

“என்ன அண்ணாச்சி, போர் போட்டுட்டீயளோ?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். “கம்ப நான் புடிக்கட்டுமா?”

“வேண்டாம். என் வேலை எனக்குத் தெரியும்.”

பிடிக்கட்டுமா என்று கேட்டது அவர் ஒருத்தர்தான் என்பது தீர்த்தகிரிக்கு அப்புறம்தான் உறைத்தது. ஆனால் ஜெபராஜ் பிடித்த கம்பை ஊன்றிப் பேத்தி பெயரைக் காப்பாற்றுவதற்குப் பதில் அந்தக் கம்பிலேயே நாண்டுகொண்டு தொங்கலாம்.

பிள்ளைகள் குட்டி வாளிகளோடு வரிசையாக வந்து, தேங்கிய தண்ணீரை மொண்டு செடிகளுக்கு ஊற்றினார்கள். சேற்றில் வழுக்கி விழுந்து உட்கார்ந்திருந்த தீர்த்தகிரியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பயல் மட்டும் நின்று பார்த்துவிட்டு, “நீங்களே எந்திரிச்சிடுவீங்க” என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனான்.

சேறு ஆனதில் ஒரு நன்மை இருந்தது. புதன்கிழமை கம்புகள் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கின. தீர்த்தகிரி மீசையைத் தடவிக்கொண்டு, நடுவில் நின்று சுற்றிலும் கம்பி கட்ட ஆரம்பித்தார். பந்தல் பிள்ளைகள் உயரத்துக்குத்தான் வேண்டும் என்று சொல்லியிருந்ததால் குனிந்தபடியே கட்டினார். குறுக்கே கட்டினார், நெடுக்கே கட்டினார், இண்டு இடுக்கு விடாமல் கட்டினார். வெளியே வரலாம் என்று பார்த்தபோது வழி இல்லை. வேட்டி முனையையும் ஒரு கம்போடு சேர்த்து முறுக்கியிருந்தார்.

கோழிக்கூட்டில் அடைந்த கோழி மாதிரி அவர் கம்பிக்குள் குந்தியிருந்தார். டெல்சி கண் கொட்டாமல் பார்த்தாள். காவியா மட்டும் வாயில் விரல் வைத்து, பக்கத்தில் சிரித்த பிள்ளையை அடக்கினாள்.

“ஏதாவது வேணுங்களா ஐயா?” என்று கேட்டாள் டெல்சி.

“எனக்கென்ன வேணும். உள்ள கட்டு எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்.”

மதியம் வரைக்கும் பார்த்தார்.

வியாழக்கிழமை காலையில் அவர் வந்தபோது பந்தல் மொத்தமாகத் தரையில் படுத்திருந்தது. சேற்றில் ஊன்றிய கால், சேறு காய்ந்ததும் கையை விட்டுவிட்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜெபராஜின் சைக்கிள் மணி கேட்டது.

“என்ன அண்ணாச்சி, பந்தலு படுத்துக் கெடக்கு?”

தீர்த்தகிரி வாயில் முதலில் வந்ததைச் சொன்னார். “யானை தள்ளிட்டுது.”

“யானையா?”

“சானமாவு காட்டுல இருந்து வந்திருக்கும். அவரைன்னா அதுக்கு உசுரு.” அவரை இன்னும் நடவேயில்லை என்பது சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.

அந்தப் பக்கத்தில் யானை என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். டீ ஆறுவதற்குள் பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் யானை ஏறிவிட்டது. ஒன்றாக இருந்த யானை குரூப்பைச் சுற்றி வந்தபோது குட்டிகளோடு கூட்டமாகிவிட்டது. ஃபேக்டரியிலிருந்து அம்மாக்கள் போன் செய்தார்கள். அப்பாக்கள் பைக்கில் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“சனிக்கிழமை விழாவை நிறுத்திடலாம்னு கேக்கறாங்க” என்று மாதேஸ்வரி வந்து சொன்னாள்.

காவியா தன் பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஈரத்துணியில் சுற்றி முளைகட்ட வைத்திருந்த அவரை விதை இன்னொரு கையில் இருந்தது. அழவில்லை. தாத்தாவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கம்பு முதுகில் விழுந்தபோதுகூட அவருக்கு அப்படி வலிக்கவில்லை.

வனத்துறையிலிருந்து ஒரு காவலர் வந்தார். விழுந்த பந்தலைச் சுற்றி வந்தார். குனிந்து தரையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“சர்வீஸுல எத்தனையோ யானை பாத்திருக்கறேன்” என்றார் நிதானமாக. “டயர் செருப்பு போட்ட யானையை இப்பத்தான் பாக்கறேன். துண்டையும் வேற விட்டுட்டுப் போயிருக்குது.”

குழாயை அடைக்கத் திணித்த தீர்த்தகிரியின் துண்டு ஒரு ஓரத்தில் கிடந்தது.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். டெல்சி அதட்டவில்லை. “அடுத்தது என்ன செய்யலாம்னு இருக்கறீங்க ஐயா?” என்று மட்டும் கேட்டாள். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். இப்படிக் கேட்டால் மனுஷன் என்ன செய்வான்?

மாதேஸ்வரியின் போனை வாங்கி, குரூப்பில் போடுவதற்காகக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார். “காவியா தாத்தா பேசறேன். யானை வரல. நான்தான்.”

அதற்குப் பதிலாக வந்த சிரிப்புப் பொம்மைகளை மாதேஸ்வரி அவரிடம் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வந்துவிட்டார். ஈரம் இல்லாத இடமாகப் பார்த்து முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்தார். கம்பை இறக்கி, சுற்றிலும் கல்லைப் போட்டு இடித்தார். ஒரு கம்பை இன்னொரு கம்போடு குறுக்குக் கழியால் இணைத்த பிறகுதான் கையை எடுத்தார். கம்பியை வெளியே நின்று கட்டினார். வேட்டியை முன்கூட்டியே மடித்துக் கட்டியிருந்தார். பாய்களில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொரு முடிச்சுக்கும் தலையை ஆட்டினார்கள். சாயங்காலம் பந்தல் நின்றது. தள்ளிப் பார்த்தார், நின்றது. சாய்ந்து பார்த்தார், அப்போதும் நின்றது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் கொள்ளாத கூட்டம். விழாவுக்கு எப்போதும் வராத அப்பாக்கள்கூட லீவு போட்டு வந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, “அந்த யானை எங்க?” என்பதுதான். அவரவர் வீட்டுப் பங்கு அங்கங்கே இருந்தது: ஒரு வீட்டார் தைத்த திரைச்சீலை, இன்னொரு வீட்டார் பெயின்ட் அடித்த சுவர், ஜெபராஜின் தொட்டி. பந்தலுக்கு அடியில் பிள்ளைகள் அவரை விதைகளை ஊன்றினார்கள். காவியா முதல் குழியில் ஊன்றிவிட்டு, கை மண்ணோடு ஓடிவந்து தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெபராஜ் ஒரு பந்தக்காலைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. “நல்லாத்தான் நிக்கி அண்ணாச்சி” என்றார், மனசில்லாமல்.

சாப்பாடு முடிந்து தீர்த்தகிரி கிளம்பினார். பேத்தி தலை குனியவில்லை. அது போதும். கேட்டருகில் மாதேஸ்வரி, துவைத்து மடித்த துண்டை அவரிடம் நீட்டினாள்.

“ஒண்ணு சொல்லட்டுமா” என்றார் துண்டை வாங்கிக்கொண்டு. “வாரம் பூரா ஒரு கிழவன் விழுந்து எந்திரிக்கறான். கம்பிக்குள்ள மாட்டிக்கிட்டு முழிக்கறான். சுத்தி உக்காந்து சினிமா பாக்கற மாதிரி பாக்கறீங்க. இதுதான் நீங்க சொல்லிக் குடுக்கற லட்சணமா?”

“இங்க அதுதானுங்க பழக்கம். புதுசா சேர்ற பிள்ளைக்குக் குறுக்க யாரும் போகக் கூடாது. தப்பு பண்ணி, தானே திருத்திக்கணும். வாய்விட்டுக் கேட்டாத்தான் உதவி. நீங்க ஒருவாட்டிகூடக் கேக்கலையே.”

“அது பிள்ளைங்களுக்கு. நான் பந்தல் குடுக்க வந்த ஆளு. எங்க தாத்தா பந்தல் போடுவாருன்னு பேத்தி பெருமையாச் சொல்லித்தான வந்தேன்” என்று சொல்லிவிட்டு, அவர் கேட்டைத் தாண்டி நடந்தார்.

“காவியா அப்படிச் சொல்லலீங்க ஐயா” என்று மாதேஸ்வரி பின்னாலிருந்து சொன்னாள். “‘எங்க தாத்தாவுக்குப் பந்தல் போடத் தெரியாது மிஸ், பாட்டி போடும், தாத்தா நின்னு கத்துவாரு, அவரையும் நம்ம ஸ்கூல்ல சேத்துக்குங்க’ன்னுதான் சொல்லுச்சு.”

தீர்த்தகிரி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சேத்தது சேத்தீங்க. ஃபீஸுன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தரும் வீட்டுப் பக்கம் வரக் கூடாது.”

சொல்லிவிட்டு டவுன் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தார்.