கூட்டமான இடமாப் பாத்துப் போடுங்க

"டூட்டி எங்க வேணும்? வாயத் தொறந்து சொல்லுங்க வேலாயுதம்" என்றார் ப்ளட்டூன் கமாண்டர் சிவபாலன்.

புதுக் காக்கிச் சட்டையின் காலர் கழுத்தை அறுக்க, வேலாயுதம் விறைப்பாக நின்றார். ஊர்க்காவல் படையில் சேர்ந்த அன்றே விருப்பம் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் மட்டும் எப்போதோ தயாராக இருந்தது.

"கூட்டமான எடமாப் பாத்துப் போடுங்க சார்."

"எல்லாரும் நெழலு இருக்கற எடமா கேப்பாங்க. நீங்க இன்னா கூட்டம் கேக்கறீங்க?"

"ஜனங்களுக்கு சேவை செய்யணும் சார்."

சுத்தப் பொய். வேலாயுதத்துக்கு நாற்பத்து மூன்று வயது. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அம்மா போன பிறகு பிள்ளையார்பாளையத்து வீட்டில் அவரும் ஒரு கம்ப்யூட்டரும்தான். பட்டுச் சேலைக்கு டிசைன் போடும் வேலை. மயிலும் மாங்காயும் வரைந்து மெயிலில் அனுப்பினால் கூலி பேங்குக்கு வந்துவிடும். மனிதர் யாரும் வரமாட்டார்கள். கேஸ் புக் செய்யும்போது போனில் வரும் பதிவுக் குரலிடம், "சரிம்மா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்ட அன்றைக்கு அவருக்கே பயம் வந்தது.

முதலில் பிராந்திய ராணுவத்தில் சேரலாம் என்று விசாரித்தார். வயது ஒன்று தாண்டிவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். ஊர்க்காவல் படை சேர்த்துக்கொண்டது. நாலு பேரோடு நிற்கலாம், நாலு வார்த்தை பேசலாம். மனுஷன் கேட்டது அவ்வளவுதான்.

"சரி, கருட சேவைக்குப் போடறேன். ஊரே வரும்" என்றார் சிவபாலன்.

ஊரே வந்தது. ஆனால் வேலாயுதம் நின்ற சந்துக்கு வரவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் வீதிகளுக்குப் பின்னால் ஒரு முட்டுச் சந்து. குறுக்கே இரும்புத் தடுப்பு. "இதுக்குள்ள ஒரு ஈ காக்கா வரக்கூடாது" என்று உத்தரவு. நாதஸ்வரம் கேட்டது, குடைகளின் நுனி தெரிந்தது. அவருக்குப் பேச்சுத்துணையாக ஒரு மின்கம்பம் இருந்தது.

அப்போது தடுப்பை நகர்த்திக்கொண்டு ஒரு பழைய மொபெட் உள்ளே வந்தது. மேலே அறுபதைத் தாண்டிய ஒருவர். பின்னால் ஒரு கறுப்புக் குடை கட்டியிருந்தது.

"யோவ், இன்னாபா, தடுப்பு வெச்சிருக்குதே, கண்ணு தெரியல?" என்றார் வேலாயுதம்.

"தெரியுது. அதான் நவுத்திக்கினு வரேன்."

"இந்தப் பக்கம் வழியில்ல. திரும்பிப் போ."

"நீ யாருபா என்னியப் போன்னு சொல்றதுக்கு? தொப்பியே கோணலா இருக்குது. மொதல்ல அத நேரா வையி."

வேலாயுதத்துக்கு ரத்தம் கொதித்தது. சுவாமி வீதி சுற்றி முடிக்கும்வரை இருவரும் சண்டை போட்டார்கள். பிறகு அந்த மனிதர் என்னவோ வந்த வேலை முடிந்ததுபோல மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சிவபாலனிடம் புகார் போனது. "கூட்டமே இல்ல சார். வந்த ஒருத்தரும் வம்புக்காரரு."

சிவபாலன் சிரித்தார். "கூட்டம் இருக்கற எடத்துல போலீஸ் நிக்கும். கூட்டம் போவக்கூடாத எடத்துலதான் நம்மள நிக்க வெப்பாங்க. சரி, வேற எங்க வேணும்?"

யோசித்துச் சொல்வதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. தாமல் ஏரி நிரம்பி, கலங்கலில் தண்ணீர் வழிவதைப் பார்க்க ஜனம் அலைமோதுவதாக வேலாயுதம் கேள்விப்பட்டிருந்தார். "ஏரிக்குப் போறேன் சார்" என்றார்.

ஜனத்தை எல்லாம் ரோட்டிலேயே போலீஸ் மறித்துவிட்டது. யாரும் இறங்கிக் குளிக்காமல் பார்த்துக்கொள்ள, கரையின் கடைசியில் வேலாயுதம். மழை. எதிரே இரண்டு கொக்கு. ஒன்றுக்குப் பெயர் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மொபெட் சத்தம் கேட்டது.

அதே ஆள். இடுப்பில் துண்டு, கையில் சோப்பு டப்பா.

"நீயா? இங்கயும் வந்துட்டியா?"

"குளிக்க வந்தேன். ஏரி இன்னா உங்க அப்பன் ஊட்டு சொத்தா?"

"எறங்கின, கேஸ் போட்ருவேன்!"

"போடுபா. பேரு தர்மன். எழுதிக்கோ. பேனா இருக்குதா?"

இல்லை. அதற்கும் ஒரு சண்டை நடந்தது. மழை வலுத்தபோது தர்மன் குடையை விரித்து, திட்டுகிறவருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மடியிலிருந்த வேர்க்கடலையில் பாதியைக் கொடுத்தார். வேலாயுதம் வாங்கித் தின்றுகொண்டே திட்டினார். தர்மன் குளிக்காமலேயே போனார்.

அடுத்து, ஆள் நடமாட்டம் இருக்குமே என்று ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு கோயிலைக் கேட்டு வாங்கினார். திருவிழா முந்தின வாரமே முடிந்துவிட்டது. காலித் தேர்க் கொட்டகைக்குக் காவல் போட்டார்கள். அங்கேயும் தர்மன் வந்தார். தேர்ச் சக்கரத்தில் சாய்ந்து பீடி பற்றவைத்தார். அன்றைய சண்டையில் வேலாயுதம் முதல்முறையாக ஜெயித்தார். வீட்டுக்கு வந்து சமைக்கும்போதுகூட, அடுத்த தடவை என்ன சொல்லலாம் என்று சத்தமாக ஒத்திகை பார்த்தார். அன்று கம்ப்யூட்டரைத் திறக்கவே மறந்துவிட்டார்.

ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. சிவபாலனிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆளில்லாத எடமாப் போடறீங்க, அந்தாளு தனியா மாட்டினேன்னு வந்து வம்பிழுக்கறாரு. பஸ் ஸ்டாண்டுல போடலன்னா நான் படையவுட்டே போறேன் சார்."

"யாரு அந்த ஆளு?" என்று கேட்க வாயெடுத்த சிவபாலன், போன் வந்ததில் அதை மறந்து, "சரிய்யா, பஸ் ஸ்டாண்டு! ஆள வுடு!" என்றார்.

முகூர்த்த நாள். பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. சேலை வாங்க வந்த கூட்டம், கோயிலுக்கு வந்த கூட்டம், எங்கே வந்தோம் என்று தெரியாத கூட்டம். வேலாயுதத்துக்கு மூச்சு முட்டியது. ஆசைப்பட்ட கூட்டம் இதுதான்.

"சார், வேலூர் பஸ்ஸு எங்க நிக்கும்?"

"அதோ அங்கம்மா. எங்கேருந்து வரீங்க? பட்டு எடுக்கவா..."

அந்த அம்மாள் பாதி பதிலிலேயே ஓடிவிட்டார். அடுத்தவர் பதிலுக்கே நிற்கவில்லை. அதற்கடுத்தவர் அவர் காலை மிதித்துவிட்டு, தூணிடம் சொல்வதுபோல "சாரி" சொன்னார். விசிலை ஊதினால் எல்லோரும் விலகினார்கள். கையைப் பிடித்து நிறுத்தினால்கூட ஒருவரும் நிற்க மாட்டார்கள் போலிருந்தது. ஏரிக்கரையில்கூட இத்தனை தனியாக இருந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

அவர் கண் தன்னையறியாமல் ஒரு மொபெட்டைத் தேடியது.

வந்தது! வேலாயுதம் தொப்பியை வேண்டுமென்றே கோணலாக்கிக்கொண்டு தயாரானார். வண்டிகள் நுழையக் கூடாத வாசல். வந்து நுழையட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடலாம்.

தர்மன் நுழையவில்லை. வாசல் கோட்டுக்கு வெளியிலேயே ஒழுங்காக நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்தார். நடுவில் நின்ற வேலாயுதத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். வண்டியைத் திருப்பினார்.

"யோவ்! நில்லுய்யா! அங்க நிறுத்தக்கூடாது!" என்று கத்தினார் வேலாயுதம். நிறுத்தக்கூடிய இடம்தான் அது. பஸ் ஹாரனில் அந்தக் குரல் அமுங்கிப்போயிற்று. மொபெட் தாமல் ரோட்டில் திரும்பி மறைந்தது.

பக்கத்தில் பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த சக காவலர் காவேரி எட்டிப் பார்த்தாள். "தர்மன் அண்ணனையா கூப்ட்டீங்க?"

"உனக்கு அந்தாளத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? நம்ம படைலயே இருந்து ரிடையர் ஆனவரு. அவரையும் ஆளில்லாத எடமாப் பாத்துதான் போடுவாங்க, ஒருத்தனாவது வந்து சண்டை போடமாட்டானான்னு ஏங்கிக்கினு நிப்பாராம். அதான் எவன் தனியா நிக்கறான்னு விசாரிச்சுக்கினு போவாரு. ஏரிக்கரைல அருள்னு புதுசா ஒருத்தரப் போட்டிருக்காங்க, அங்க போறாரு. உங்களுக்குத்தான் இங்க இவ்ளோ கூட்டம் இருக்குதே, இனிமே வரமாட்டாரு சார்."